கழன்று விழுந்த செருப்பு

1986. மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் அப்பா மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மாசியில் ஒருநாள் மூட்டைக்குக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. வாய்வுப் பிடிப்பு என்று அப்பாயி பூண்டு உரித்தார். கால் முன்னால் வந்து பிறந்த பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிவந்து, மூன்று நாள் விடியற்காலையில் அப்பாவின் இடுப்பில் மிதிக்கவிட்டார்கள். அதற்குள் வலி தொடைக்குப் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்காலைப் பிடித்திருந்தது.

ஒரு மாதத்தில் வலி குறைந்தது. அப்பாயி மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டார். அந்த வாரம் அப்பாவோடு கடைத்தெருவுக்குப் போனேன். பத்தடி நடந்த பிறகுதான் பார்த்தேன், அவருடைய இடதுகால் செருப்பு பின்னால் கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. எடுத்துவந்து மாட்டிவிட்டபோது பெருவிரலைத் தூக்கச் சொன்னேன். விரல் அசையவில்லை.

அன்றே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். வலி அடங்கியதைக் குணம் என்று நினைத்துவிட்டோம். உள்ளே ஜவ்வு நசுக்கிய நரம்பு செயலிழந்துகொண்டிருந்தது. முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று ஊரே சொன்னது. கடைசிவரை அப்பா அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

போன வருடம் என் மகனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வயது 29, நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. நாலாம் நாளே தானாகப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டான். ‘எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்’, அதாவது ஜவ்வுப் பிதுக்கம் என்றது ரிப்போர்ட். "அப்பா, ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்றான். தாத்தாவின் கால்தான் அவனை அப்படிக் கேட்க வைத்தது.

டாக்டரிடம் போனோம். அவர் ஃபிலிமைப் பிறகுதான் கையில் எடுத்தார். முதலில் அவனைப் படுக்கவைத்து, முட்டி மடக்காமல் காலைத் தூக்கினார். பெருவிரலைக் கீழே அழுத்தி, "எதிர்த்துத் தள்ளுங்க தம்பி" என்றார். குதிகாலால் நடக்கச் சொன்னார். சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டார். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களிலும் நூற்றுக்கு முப்பது பேருக்கு ஸ்கேனில் பல்ஜ் தெரியும் என்று சொல்லி, படுத்தே கிடக்காமல் நடக்கச் சொல்லி அனுப்பினார். ஐந்தாம் வாரம் பைக் எடுத்தான்.

பெரும்பாலான முதுகுவலி ஆறு வாரத்துக்குள் இப்படித்தான் தணியும். தணியாமல் காலில் இறங்கிய வலி நடக்கவிடாவிட்டால் முதுகெலும்பு சர்ஜனைப் பாருங்கள். ராத்திரியும் விடாத வலியோடு காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் ஆறு வாரம் காத்திருக்கவே கூடாது. எலும்புக் காசநோய் நம் ஊரில் இன்னும் இருக்கிறது, அதைப் பெரும்பாலும் மாத்திரையாலேயே குணமாக்கலாம். உட்காரும் இடம் மரத்துப்போய் சிறுநீர் பிரியவில்லை என்றால் அந்த ராத்திரியே கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் பிறகு சரியாகாமலே போகலாம்.

வீட்டில் யாருக்காவது முதுகுவலி என்றால் வலி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் நடக்கும்போது செருப்பு காலில் நிற்கிறதா என்று பாருங்கள்.