காத்திருக்கும் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கோரும் விண்ணப்பம்

சென்னை,
அக்டோபர் 2025

ஜேம்ஸ் பாண்ட் என்னும் பாத்தியதையைச் சமீபத்தில் சுவாதீனம் செய்துகொண்ட அமேசான் எம்.ஜி.எம். ஸ்தாபனத்தின் அதிபர்கள் சமூகத்துக்கு,

மகாகனம் பொருந்திய ஐயன்மீர்,

தங்கள் கதாநாயகருக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் கொலை செய்ய லைசென்ஸ் வழங்கியிருப்பது உலகறிந்த விஷயம். அதே கதாநாயகர் 1962-ஆம் ஆண்டில் ‘டாக்டர் நோ’ படத்தின் மூலம் திரைக்கு வந்தபோது, எங்களைப் போன்ற ரசிகர்களுக்குக் காத்திருக்க ஒரு லைசென்ஸ் வழங்கப்பட்டது என்பதும், அது எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது என்பதும் தங்கள் கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம். அவருடைய லைசென்ஸையாவது 1989-இல் வந்த ‘லைசென்ஸ் டு கில்’ படத்தில் மேலதிகாரி எம் கோபித்துக்கொண்டு ரத்து செய்தார்; எங்களுடையதை ரத்து செய்வார் எவருமில்லை; விண்ணப்பமும் முத்திரைத்தாளும் இல்லாமலே அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு வருகிறது.

அப்படிப்பட்ட லைசென்ஸ்தாரர்களுக்கு இந்த அக்டோபரில், ‘டாக்டர் நோ’ வெளியான 5-ஆம் தேதியைப் பாண்ட் தினமென்று ரசிக உலகம் கொண்டாடவிருந்த வேளையில், தாங்கள் அனுக்கிரகித்த பரிசைப் பற்றியே முதலில் பிரஸ்தாபிக்க வேண்டியிருக்கிறது. தங்கள் பிரைம் வீடியோவில் பழைய பாண்ட் படங்களின் முகப்புச் சித்திரங்களிலிருந்து துப்பாக்கிகளை மட்டும் பதமாக அழித்தெடுத்து வைத்திருந்தீர்கள். கையில் ஆயுதமும் கண்ணில் அலட்சியமுமாக நின்ற ஷான் கானரி, ஆயுதம் பறிபோன பிறகு, வெறுங்கையை மடக்கிக்கொண்டு, இரண்டாம் பந்திக்கும் இடம் கிடைக்காத சம்பந்தியைப் போலக் காட்சியளித்தார். ‘டாக்டர் நோ’ படத்திலேயே எம் அவருடைய பெரெட்டாவைப் பிடுங்கிக்கொள்கிறார் என்பது வாஸ்தவம். ஆனால் பிடுங்கிய கையோடு வால்தர் பி.பி.கே. ஒன்றைக் கொடுத்துவிடுகிறார். தாங்களோ பிடுங்கியதோடு கடமை முடிந்ததெனக் கருதினீர்கள். எங்கள் தேசத்துத் தணிக்கையாளர்கள் 2015-இல் ‘ஸ்பெக்டர்’ படத்தின் முத்தங்களைக் குறுக்கினார்கள். தாங்கள் துப்பாக்கியையும் எடுத்துவிட்டால், எஞ்சியிருப்பது நன்றாகத் தைத்த ஒரு கோட்டு மட்டுமே. காத்திருக்க லைசென்ஸ் வாங்கியவர்கள் ஒரு கோட்டுக்காகவா காத்திருப்பார்கள்?

ஐயன்மீர், ஒரு நிமிஷம் பச்சையாகவே பேசிவிடுகிறேன். படத்துக்குள்ளே மனிதர் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாசற்படியில் மட்டும் அகிம்சை என்றால் அது யாரை ஏமாற்ற? எங்களை என்ன, மிட்டாயைக் காட்டினால் வாயை மூடும் பிள்ளைகள் என்று எண்ணிவிட்டீர்களா? வாங்கிய சொத்து இன்னதென்று தெரியாமல் வாங்கியவன் செய்கிற காரியம் இது! உலகெங்கும் ரசிகர்கள் கூச்சல் போட்ட பிறகல்லவா சித்திரங்களை மாற்றினீர்கள்?

க்ஷமிக்க வேண்டும். பிராயம் ஏற ஏறப் பாஷை தடித்துவிடுகிறது. 845 கோடி டாலர் கொடுத்து எம்.ஜி.எம். ஸ்தாபனத்தை வாங்கி, அதன் பிறகும் படைப்பு அதிகாரம் பாண்ட் படங்களைத் தயாரித்துவந்த பழைய பிராக்கோலி குடும்பத்தாரின் கையிலேயே இருக்கக் கண்டு பொறுமை காத்து, இவ்வாண்டு பிப்ரவரியிலேதான் அதையும் பெற்றுக்கொண்ட தங்களுக்குக் காத்திருத்தலின் அருமை தெரியாதென்று சொல்வது அபசாரம். இடையில் 2023-இல் ரசிகர்கள் வாடிவிடக் கூடாதென்ற கருணையால், ‘007: ரோடு டு எ மில்லியன்’ என்று பாண்ட் இல்லாத பாண்ட் போட்டி நிகழ்ச்சி ஒன்றையும் வழங்கியிருக்கிறீர்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இடைக்கால நிவாரணமாக அதைப் பதிவு செய்துகொண்டோம்.

எங்கள் இல்லத்து லைசென்ஸ் வரலாற்றை இனிச் சுருக்கமாக விண்ணப்பித்துக்கொள்கிறேன். என் தமையனார் கானரி காலத்தவர். 1962 முதல் 1965 வரை வருஷத்துக்கு ஒரு படம் என்று தீபாவளி மலர் போலத் தவறாமல் வெளிவந்த பொற்காலம் அது. லண்டனில் வெளியான படம் மவுண்ட் ரோடு வந்து சேர எவ்வளவு தாமதமானாலும், வரும் என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. ஆஸ்டன் மார்ட்டின் காரின் ஆசனம் ஆளை மேலே தூக்கி எறிந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ காட்சியை அவர் வர்ணிக்கத் தொடங்கினால், காபி ஆறிவிடும். கானரி போனார், 1969-இல் லேசன்பி வந்தார், 1971-இல் கானரியே திரும்பி வந்தார். ஆகையால் போனவர் வருவார் என்பது அண்ணாவுக்கு நம்பிக்கையல்ல, அனுபவம்.

நான் ரோஜர் மூர் காலத்தவன். அண்ணாவின் அபிப்பிராயத்தில் மூர் பாண்டே அல்ல, புருவத்தால் நடிக்கும் கனவான். ஐம்பத்தேழு வயதில் ‘எ வியூ டு எ கில்’ படத்தில் மாடியேறி ஓடியவரைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் 1983-இல் வெளியான ‘ஆக்டபஸி’ படத்தில் பாண்ட் உதயப்பூருக்கு வந்தபோது, நம் மெட்ராஸ் விஜய் அமிர்தராஜ் பாம்பாட்டி வேஷத்தில் மகுடியெடுத்துப் பாண்டின் ராகத்தையே ஊதிக்காட்டியதையும், ஆட்டோரிக்‌ஷாத் துரத்தலில் டென்னிஸ் மட்டையால் துஷ்டர்களை அடித்து விரட்டியதையும் கண்டவன் நான். அந்த ஒரு மட்டைக்காக மூரின் ஏழு படங்களையும் மன்னிக்கச் சித்தமாயிருக்கிறேன்.

என் அக்காள் மகன் பியர்ஸ் பிராஸ்னன் கட்சி. 1989-க்கும் 1995-க்கும் இடையே ஆறு வருஷம் வழக்கும் வம்புமாகப் பாண்ட் காணாமற்போன காலத்தில் வளர்ந்தவனாதலால், ‘கோல்டன்ஐ’ படத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வீதிகளில் டாங்கியை ஓட்டிக்கொண்டு வந்தவரே அவனுக்கு ஆதிமூலம். அண்ணா நிஷ்டையில் அமர்ந்து காத்திருப்பவர். நான் பழைய படங்களை மறுபடி பார்த்துக் காத்திருப்பவன். இவனோ வதந்திகளை அள்ளிச் சேர்த்துக் காத்திருப்பவன். ஜூன் மாதத்தில் டெனி வில்னவ்வை டைரக்டராக நியமித்தீர்கள் என்பதையும், கதை எழுத ஸ்டீவன் நைட் வந்திருக்கிறார் என்பதையும், வில்னவ் தம்முடைய ‘டூன்’ படத்தின் மூன்றாம் பாகத்தை 2026 டிசம்பரில் கரையேற்றிய பிறகே இந்தப் பக்கம் திரும்புவார் என்பதையும் எனக்கு ஒப்பித்தவன் அவனே. “மாமா, நல்லதுக்கு லேட்டாகும்” என்கிறான். லைசென்ஸ்தாரர்களிலே இவ்வளவு ஒழுங்காகச் சந்தா செலுத்துபவன் வேறொருவன் கிடைப்பது அரிது.

மூவரும் ஒன்றாய் உட்கார்ந்தால் வீட்டில் நடக்கும் தர்க்கத்தைத் தாங்கள் செவிமடுத்தால் மனம் மகிழ்ந்துபோவீர்கள். ஏனெனில், அவரவர் பாண்டே அசல் பாண்ட், மற்றவர் போலி என்று நாங்கள் அடித்துக்கொள்கிற வரையில், தாங்கள் ஒரு ரீலும் எடுக்க வேண்டியதில்லை. சொத்து தானே பளபளத்துக்கொண்டிருக்கும். சென்ற தலைமுறைகளின் சண்டையே தங்களுக்கு விளம்பரச் செலவு மிச்சம்.

நான்காவது லைசென்ஸ்தாரராக வேண்டியவள் என் பேத்தி. 2021-இல் ‘நோ டைம் டு டை’ தமிழ்க் குரலில் வந்தபோது அவளையும் அழைத்துப்போனோம். ஏவுகணைகள் தீவின் மேல் விழ, பாண்ட் மாண்டுபோனார். அவள் விக்கி விக்கி அழுதாள். அழுகை அடங்குவதற்குள் திரையில் எழுத்தோடி, ஜேம்ஸ் பாண்ட் மீண்டும் வருவார் என்று அறிவித்தது. அன்றுமுதல் நாங்கள் காத்திருப்பு பற்றிப் பேச வாயெடுத்தாலே, “தாத்தா, அவர்தான் செத்துட்டாரே! யாருக்காக வெயிட் பண்றீங்க?” என்கிறாள். அண்ணா வேதாந்தி, சரீரம்தான் அழியும், பாண்ட் என்னும் ஆத்மா இதுவரை ஆறு சரீரம் எடுத்திருக்கிறது, ஏழாவது எடுக்கும் என்று விஸ்தாரமாக உபதேசித்தார். கேட்டு முடித்தவள், “அப்ப எனக்கு எந்த சரீரம், பெரிய தாத்தா?” என்றாள். வேதாந்தத்தில் அதற்கு விடையில்லை.

இங்கேதான், ஐயன்மீர், நான் முகஸ்துதியை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அண்ணாவுக்குக் கானரி இருக்கிறார், எனக்கு மூர், அக்காள் மகனுக்குப் பிராஸ்னன். டேனியல் கிரெய்க் ஐந்து படம் செய்தார். அவரும் அவளுடைய அண்ணன்மார் காலத்தவர். இவளுக்கு மிச்சம் வைத்தது அவருடைய மரணம் ஒன்றைத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை, அரை நிமிஷத்துக்கு மேல் எதையும் பார்க்கமாட்டார்கள் என்று எங்கள் பிராயத்தவர் கூடிக்கூடி அங்கலாய்க்கிறோம். அதெல்லாம் பொய். ஒன்றைக் கொடுத்துப் பழக்கியவனே அடுத்ததற்குக் காத்திருப்பான். ஒன்றுமே கொடுக்காமல், காத்திருக்கவில்லை என்று குற்றம் சாட்டுவது அநியாயம். கிழவர்களின் ஞாபகத்தை வாடகைக்கு விட்டுக்கொண்டு ஒரு தலைமுறையை வெறுங்கையோடு நிறுத்திவிட்டீர்கள். லைசென்ஸை அவள் பெயருக்கு மாற்றித்தருகிறேன் என்றேன், வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

தங்கள் சன்னிதானத்தில் மறுபடியும் பணிவை ஏற்றுக்கொண்டு, பிரார்த்தனையைச் சொல்லிவிடுகிறேன். வில்னவ் மகா மேதை, அவர் சாவகாசமாகவே எடுக்கட்டும். பணமும் பாலைவனமும் வேண்டிய மட்டும் கொடுங்கள். துப்பாக்கியைக்கூட முகப்பில் எங்காவது ஓரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் நடிகரின் பெயரை மாத்திரம் சீக்கிரம் அறிவித்துவிடுங்கள். பாண்ட் பக்தியில் முதல் படி வசவு என்பதைத் தாங்கள் கணக்கிலெடுக்கவில்லை. 2005 அக்டோபரில் கிரெய்க்கைத் தேம்ஸ் நதியில் விசைப்படகில் ஏற்றிக்கொண்டுவந்து அறிமுகப்படுத்தினபோது, உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாரென்றும், தலைமயிர் பொன்னிறமாயிருக்கிறதென்றும் உலகமே ஏசிற்று. படத்தைப் பகிஷ்கரிக்கப் போவதாகச் சபதமும் செய்தது. மறு வருஷம் ‘கசினோ ராயல்’ வந்ததும் அதே ஜனங்கள் கண்ணீர் மல்கத் தழுவிக்கொண்டார்கள். கிரெய்க்கை நானும்தான் வைதேன். அப்படி வைது, பிறகு தழுவிக்கொண்டதனால்தான் அவர் சொந்தமானார். ஆகவே புது நடிகரை எங்கள் முன் நிறுத்துங்கள்: அண்ணாவும் நானும் அக்காள் மகனும் ஒரே குரலில் அவரைத் தூற்றுவோம், நாங்கள் தூற்றுவதைக் கேட்ட பேத்தி, பிடிவாதமாக, அவர்தான் தன்னுடையவர் என்று கட்சி கட்டுவாள். லைசென்ஸ் அன்றைக்குத் தானாக அவள் கைக்குப் போய்ச்சேரும்; தாங்கள் கையொப்பமிட வேண்டிய அவசியமும் இராது.

இதில் தாமதம் எங்கள் பக்கத்தில் ஏற்படாதென்று உறுதி கூறுகிறேன். அண்ணா வசவுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இப்போதே வரிசையாக எழுதி வைத்துவிட்டார். பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள லைசென்ஸ்தாரன்