பொற்பனைக்கு ஐந்து கட்டம்

திருவரங்குளம் சிவன் கோயில் தலபுராணத்தில் பொற்பனை ஒன்று வரும். அதன் தங்கப் பழத்தை, விவரம் தெரியாமல் வேடன் வீட்டார் வணிகனிடம் கொடுத்துச் சாப்பாட்டுச் சாமான் வாங்குவார்கள். நல்லவேளை, அது 2020 ஏப்ரலுக்கு முந்தைய சங்கதி. மரம் உதிர்க்கும் பழம்போல மியூச்சுவல் ஃபண்ட் தரும் டிவிடெண்டுக்கு அதுவரை ஃபண்டே வரி கட்டியது; அப்புறம் நம் தலையில் இறங்கியது. இன்றென்றால் அந்த வீட்டார் வருமான வரி ஐடிஆரில் ‘இதர வருமானம்’ பகுதியில், பழம் விழுந்த தேதிப்படி பிரித்து எழுத வேண்டும்: ஜூன் 15 வரை, செப்டம்பர் 15 வரை, டிசம்பர் 15 வரை, மார்ச் 15 வரை. மிச்சம் பதினாறு நாளுக்குத் தனிக் கட்டம்! முன்வரித் தவணைக் கணக்காம்.

வருடத்துக்குப் பத்தாயிரம் தாண்டாவிட்டால் இப்போது டிடிஎஸ் பிடித்தம் இல்லை. உடனே, “வரியே இல்லண்ணே” என்று டீக்கடையில் தீர்ப்பு வந்துவிடும். வருமான வரித் துறையின் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்தால் முப்பது ரூபாய் டிவிடெண்ட்கூடப் பான் எண்ணோடு உட்கார்ந்திருக்கும். நம்மாள் புரோக்கர் ஆப்பின் லாப நட்டக் கணக்கில் தேடுவார். டிவிடெண்டோ நேரே பேங்குக்குப் போயிருக்கும். மறுமுதலீடு டிக் அடித்தவர் பாடு இன்னும் விசேஷம்: வந்தது யூனிட், கட்ட வேண்டியது ரொக்கம்.