எழுதிவாங்குபவர் எழுதும் கடிதம்

அனுப்புநர்: எழுதிவாங்குபவர், புள்ளலூர், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்: பதிவுத்துறைத் தலைவர், சாந்தோம் நெடுஞ்சாலை, சென்னை.

பொருள்: வீட்டுமனைக் கிரயம் – நல்ல வக்கீல் பிடிப்பது – வழிகாட்ட வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: டீக்கடையில் நேற்றுக் காலை வழங்கப்பட்ட வாய்மொழி ஆலோசனைகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர் என்று இருவர் உண்டு. பெயரில்தான் எழுத்து. இருவரும் கையெழுத்தைத் தவிர ஒரு வரி எழுதுவதில்லை. எழுதுபவர் மூன்றாமவர். அவர் உரிமம் பெற்ற ஆவண எழுத்தராக இருக்கலாம், வக்கீலாக இருக்கலாம், போன வாரப் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்யும் பையனாகவும் இருக்கலாம். ஒரு மாறுதலுக்கு இம்முறை எழுதிவாங்குபவரே எழுதுகிறார்.

புள்ளலூரில் நிலத்துக்குச் சண்டை புதிதல்ல என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாளுக்கியர் தரப்பில் இரண்டாம் புலிகேசியும் பல்லவர் தரப்பில் முதலாம் மகேந்திரவர்மனும் இங்கே மோதியதாக வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை முறியடித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்க வைத்தான் என்கிறது அய்கொளெக் கல்வெட்டு. ஒரே சொத்து, இரண்டு தரப்பு, இரண்டு மூலப் பத்திரம். ஒன்று செம்பில், மற்றது கல்லில். இன்று இதற்கு ‘டபுள் டாக்குமெண்ட்’ என்று பெயர். பிறகு 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை இதே பக்கத்தில் வளைத்து வீழ்த்தினார்கள். அந்தப் போரைக் காட்டும் ஓவியம் ஒன்று 2022-இல் லண்டன் சாத்பீஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. ஏலக்கடைக்காரர்கள் படம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற கதையை அட்டவணையில் அச்சிட்டுத் தருவது வழக்கம். படத்துக்கு உள்ள கொடுப்பினை, படத்தில் இருக்கும் நிலத்துக்கு இல்லை.

நிற்க.

எழுதிவாங்குபவர் 20 லட்சம் ரூபாய்க்கு ஒரு மனை பார்த்திருக்கிறார். தங்கள் கணக்குப்படி முத்திரைத் தீர்வை 5 சதவீதம், ஒரு லட்சம். சொத்து மாறுதலுக்கான கூடுதல் தீர்வை 2 சதவீதம், நாற்பதாயிரம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இன்னொரு நாற்பதாயிரம். ஆக 1,80,000. இந்தப் பதிவுக் கட்டணம் 2017 முதல் 4 சதவீதமாக இருந்ததையும், 2023 ஏப்ரலில் தாங்கள் அதைப் பாதியாக்கியதையும், அதே நாளில் வழிகாட்டி மதிப்பைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவைத்ததையும் அவர் நன்றியுடன் நினைவுகூர்கிறார். ஆடித் தள்ளுபடியில் வேட்டி வாங்கிப் பழகியவர். அவருக்கு இந்த முறை புரியும்.

புரியாதது வேறு. 1,80,000 ரூபாய் கட்டியதும் மனை அவருடையதுதான் என்று தாங்கள் சொல்வீர்களா? மாட்டீர்கள். பதிவு என்பது கிரயம் நடந்ததற்கான பதிவே தவிர, விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்பதற்கான சான்று அல்ல. மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தாங்கள் கொண்டுவந்த 55-ஏ(1) விதியையும் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று செல்லாது என்றது. உரிமை யாருக்கு என்று ஆராய்வது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலையே அல்ல என்பது தீர்ப்பின் சாரம். கல்யாணத்தில் மொய் எழுதுபவரை நினைத்துக்கொண்டால் எளிது. யார், எவ்வளவு என்று எழுதுவார். அந்த ஐநூறு ரூபாய் கொடுத்தவருடையதுதானா என்று கேட்க மாட்டார். ஆனால் எந்த மொய் எழுதுபவரும் மொய்யில் ஒன்பது சதவீதம் எடுத்துக்கொண்டதாகக் கேள்வி இல்லை.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-லேயே டாரன்ஸ் என்பவர் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தார்: அரசுப் பதிவேட்டில் பெயர் இருந்தால் உரிமை இருக்கிறது, அதற்கு அரசே பொறுப்பு. இங்கிலாந்தில் நிலப் பதிவகத்தின் பிழையால் ஒருவருக்கு நஷ்டம் வந்தால் பதிவகம் ஈடு கொடுக்கும். அப்படி இருந்தும் லண்டனில் வீடு வாங்கும் நம்மூர்க்காரர் சொலிசிட்டர் ஒருவரைப் பிடிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. பக்கத்து ஆந்திரத்தில் 2022-இல் அதே வழியில் நில உரிமைச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். தேர்தலில் அது பெரிய சண்டையாகி, 2024-இல் புதிய அரசு வந்ததும் ரத்தானது. ஆக, பொறுப்பேற்கும் அரசு தொலைவில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் வக்கீல்தான்.

எந்த வக்கீல்?

முதலாமவரைத் தரகரே அழைத்துவந்தார். “நம்ம வக்கீல்தாங்க” என்றார். அந்த ‘நம்ம’வில் எழுதிவாங்குபவர் அடக்கமா என்பது விளங்கவில்லை. மனைப்பிரிவு போட்டவருக்கு நாற்பது மனைகளுக்கும் கருத்துரை எழுதியவர் அவர்; நாற்பதுக்கும் ஒரே கருத்துரை, மனை எண் மட்டும் வேறு. இரண்டாமவர் வங்கியின் பட்டியல் வக்கீல். கட்டணம் எழுதிவாங்குபவருடையது, கருத்துரை வங்கி மேலாளர் பெயருக்கு. வங்கிக்கு வேண்டியது கொடுத்த கடன் திரும்பி வருமா என்பது. வடக்கெல்லையில் சித்தப்பா மகன் வேலியை நகர்த்துகிறாரா என்பது அல்ல. “வங்கியே பாத்துட்டாங்க, அப்புறம் என்னண்ணே?” என்று கேட்பவர்கள் டீக்கடையில் நாள்தோறும் மூன்று பேராவது கிடைக்கிறார்கள். மூன்றாமவர் ஆவண எழுத்தர். பழுத்த அனுபவம், தங்கமான மனிதர். ஆனால் சொன்னதை எழுதுவது அவர் தொழில். சொன்னது உண்மையா என்று தோண்டுவது அவர் வாங்கும் கூலியில் சேர்ந்ததல்ல.

நான்காமவர் காஞ்சிபுரத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தார். அவரைப் பார்த்ததும் எழுதிவாங்குபவருக்குப் பிடிக்கவில்லை. காரணம், அவர் கேள்வி கேட்டார். தாய்ப்பத்திரம் எங்கே என்றார். வில்லங்கம் பதின்மூன்று வருடத்துக்குப் போட்டது போதாது, முப்பது வருடமாவது வேண்டும் என்றார். ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்க்காமல் பேச மாட்டேன் என்றார். இது ஏரிகளின் மாவட்டம், பட்டா நஞ்சை என்று சொல்வதைப் பழைய கணக்கு ஏரிப் புறம்போக்கு என்று சொல்லக்கூடும் என்றார். எண்பதுகளின் யு.டி.ஆர். எனும் நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில் பெயர் மாறியிருக்கிறதா என்றார். விற்பவர் பவர் ஏஜென்ட் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றார். வெறும் பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார். கடைசியாக, “விக்கிறவருக்குக் கூடப் பொறந்த பொண்ணுங்க உண்டா?” என்றார்.

ஒரு தங்கை உண்டு, பம்பாயில். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாடு செய்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடப்புக்கு வந்தது. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. அந்தத் தங்கை கையெழுத்துப் போடுவாரா என்பது இப்போது எழுதிவாங்குபவரின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. தங்கள் வில்லங்கச் சான்றில் அவர் இல்லை. பதிவான ஆவணம்தான் அதில் வரும்; பதிவாகாத உயில் வராது, கையெழுத்துப் போடாத தங்கை வர மாட்டார். வில்லங்கம் இல்லை என்று தாங்கள் சொல்வது, தங்களுக்குத் தெரிந்த வில்லங்கம் இல்லை என்பது மட்டுமே. சான்றுக்குப் பெயர் வைத்தவரின் நேர்மையை எழுதிவாங்குபவர் மெச்சுகிறார்.

இத்தனைக்கும் நான்காமவரின் கட்டணம் பதிவுச் செலவில் ஒரு சிறு துண்டு. 20 லட்சத்தில் ஐயாயிரம் குறைக்கக் கூசிய எழுதிவாங்குபவர், வக்கீலிடம் மட்டும் அரை மணி நேரம் பேரம் பேசினார். அதோடு முன்பணமாக இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு அப்புறம்தான் அவரிடம் போனார். “பந்தி முடிஞ்சப்புறம் சாம்பார்ல உப்பு இருக்கான்னு கேக்குறீங்க” என்றாராம் வக்கீல்.

மூல ஆவணத்தைத் தேடும் வழக்கம் நமக்கு ஒன்றும் அந்நியமல்ல. சுந்தரர் கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலை நீட்டினார். சுந்தரர் அதைக் கிழித்தே போட்டார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்றார். சபையார், ஓலை எழுதிய சுந்தரரின் பாட்டனாருடைய வேறு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள் என்கிறது பெரியபுராணம். வழக்காட வந்தவர் சிவபெருமான். அவருக்கே ஒப்பீடு தேவைப்பட்டது. மனைப்பிரிவு முதலாளிக்கு மட்டும் ஜெராக்ஸ் போதும் என்கிறார்கள்.

எல்லை குறிப்பதிலும் அப்படித்தான். சோழர் காலத்தில் தானம் கொடுத்த நிலத்தைப் பெண் யானை சுற்றிவந்து எல்லை காட்டியதாகச் செப்பேடுகள் சொல்கின்றன. நம் காலத்திலும் ஒரு யானை வந்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதே, அந்த வழக்கைத் தொடுத்த வக்கீல் ‘யானை’ ராஜேந்திரன். அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முந்தைய பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு திட்டம் கொண்டுவந்தது. மனைக்கு வரன்முறை ஆணை இருக்கிறதா என்பதும் நான்காமவரின் கேள்விகளில் ஒன்று. தரகரின் பதில்: “அதெல்லாம் வந்துரும் சார்.”

இதற்கிடையில் ஆவண எழுத்தர் வரைவுப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டார். நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் உள்ளிட்ட சகல பாத்தியங்களுடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று அதில் இருக்கிறது. படித்ததும் எழுதிவாங்குபவருக்கு நெஞ்சு விம்மியது. நிதி என்றால் புதையல். போர்க்கள மண், தோண்டினால் பீரங்கிக் குண்டாவது கிடைக்காதா என்று கேட்டார். மாடிப்படி வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைச் சொன்னார்: பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பத்திரத்தில் அந்த வரியை அடிக்கச் சொல்லலாமா என்றதற்கு, “இருக்கட்டும், அழகா இருக்கு” என்றார்.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதத் தகுதி சொல்கிறது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும். சொந்த மனைதான் என்பதை எப்படி நிரூபித்தார்களோ, அந்த அலுவலகத்தின் முகவரியாவது தாங்கள் தேடித் தர இயலுமா? இயலாதெனில், 1,80,000 ரூபாய்க்கான ரசீதின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் இப்படி அச்சிடலாம்: ‘விற்பவருக்கு உரிமை உண்டா என்று நாங்கள் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா? பார்த்த வக்கீல் யாருக்கு வக்கீல்?’

இப்படிக்கு,
எழுதிவாங்குபவர்
(பம்பாய்த் தங்கையின் பதில் வரும்வரை, வாங்கவிருப்பவர்)

இணைப்பு: முன்பணம் கொடுத்ததற்கான துண்டுச்சீட்டு. தேதி இல்லை.

நகல்: 1. இரண்டாம் புலிகேசி தரப்பு, வாதாபி. 2. முதலாம் மகேந்திரவர்மன் தரப்பு, காஞ்சிபுரம். இருவரும் ஆளுக்கொரு மூலப் பத்திரத்துடன் டோக்கன் போட்டு வரவும்.