ஓசி பீடியும் ஒம்பது சபதமும்

வா மருமவனே, வா. அந்தத் திண்ணையில உக்காரு. கிட்ட வராத, எட்டியே உக்காரு. வாயில என்னது, புளிப்பு மிட்டாயா? வார வழியில ஓடைப்பாலத்துக்கிட்ட மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒண்ணை இழுத்திருக்க. வேப்பெலையைக் கசக்கி வெரல்ல தேச்சிருக்க. மிட்டாயை வாயில போட்டுட்டு பச்சப்புள்ள மாதிரி வந்து நிக்க. எப்பிடித் தெரியும்னு முழிக்காத. நாப்பது வருசம் நானும் அதே பாலத்துக்கிட்ட அதே வேப்பமரத்துல கொழை ஒடிச்சவன்தாம்லே. அந்த மரம் ஒரு பக்கம் மொட்டையா நிக்குதுன்னா பாதிப் புண்ணியம் எனக்கு, பாதி ஒனக்கு.

போன வாரந்தான "மாமா, விட்டுட்டேன்"னு போன் போட்டுச் சொன்ன? நான் சந்தோசப்பட்டேன். பொய் சொல்லல, நெசமாவே பட்டேன். ஒம்பதாவது தடவையும் அதே மாதிரி சந்தோசப்பட ஒரு மனசு வேணும் பாத்துக்கோ. புத்தாண்டுக்கு விட்ட. கல்யாணத்துக்கு மொத நாள் விட்ட. புள்ளை பொறந்த அன்னைக்கி ஆஸ்பத்திரி வாசல்ல சத்தியம் பண்ணி விட்ட. போன மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள்னு வாட்ஸ்அப்புல படம் வேற போட்டு விட்ட. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கக்கூட ஒரு வருசம் தவறிப்போகும், நீ சிகரெட்டை விடுதது மட்டும் தவறுனதே கெடையாது.

அதுலயும் விடுததுக்கு முந்துன ராத்திரி நீ பண்ணுத கூத்து இருக்கே! "நாளையில இருந்து தொடமாட்டேன்"னு மொட்டைமாடியில ஏறி முழுப் பாக்கெட்டையும் ஒண்ணொண்ணா ஊதித் தள்ளுவ. மகளைக் கட்டிக்குடுத்து அனுப்புதவன்கூட அம்புட்டு நேரம் நின்னு அழமாட்டான்.

ஒம்பதுலயும் எனக்கு ரொம்பப் புடிச்சது சபரிமலைதான். கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்ட. நாப்பத்தோரு நாள். காலையில பச்சைத்தண்ணிக் குளியல், வெறுங்காலு, பீடி சிகரெட்டு வாடையே கெடையாது. எதுக்கால ஒருத்தன் பத்த வச்சா "சாமி, அங்கிட்டுப் போங்க"ன்னு வெரட்டுத அளவுக்கு வந்துட்ட. மலைக்குப் போயிட்டு வந்த, ஒங்கம்மா மாலையைக் கழட்டுனா. பாயசம் ஆறலை, அதுக்குள்ள பெட்டிக்கடையில நிக்க. ஒன் கூட்டாளி ஒருத்தன், "சாமி எறங்கியாச்சா? இந்தாங்க சாமி"ன்னு மரியாதையா நீட்டுதான், நீயும் பிரசாதம் மாதிரி ரெண்டு கையாலயும் வாங்குத.

என் பேத்தி பாளையங்கோட்டையில நர்ஸ் படிக்கா, தெரியும்லா. அவகிட்ட கேட்டேன். "தாத்தா, நிக்கோட்டின் விட்டவனுக்கு ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் பேய் புடிச்ச மாதிரி இருக்கும். மூணு நாலு வாரத்துல ஒடம்போட பாடு பெரும்பாலும் அடங்கிரும்"ங்கா. அப்பம் கணக்குப் போடு. நாப்பத்தோரு நாள்ல ஒன் ஒடம்பு விட்டுட்டு. ஐயப்பன் அவரு சோலியை முடிச்சுக் குடுத்துட்டாரு. நாப்பத்திரெண்டாம் நாள் கூத்து முழுக்க ஒன்னோடது.

சிரிக்காத, என் கதை மட்டும் பெருசா? கடையம், ஆலங்குளம், முக்கூடல்னு இந்தப் பக்கம் தெருத்தெருவா பொம்பளையாளுக பீடி சுத்தித்தான் அடுப்பு எரியுது. ஒங்க அத்தை மடியில சொளகு ஏறுனது பதினாலு வயசுல. மொத நாள் ராத்திரியே இலையை நனைச்சு சாக்குல சுத்தி வச்சிருப்பா. விடிஞ்சதும் அளவு பாத்து கத்திரியால வெட்டி, தூளை வச்சு உருட்டி, வாயை நகத்தால மடக்கி, நூலைச் சுத்தி இழுப்பா. கண்ணு பூரா டி.வி.யில இருக்கும், கை தானா ஓடும். என் மக படிச்சது அந்தக் காசுலதான். பீடித் தொழிலாளி புள்ளைகளுக்குன்னு சர்க்கார் குடுக்க படிப்புப் பணமும் வந்துச்சு. அதனால பீடியைப் பத்தி நான் ரொம்பத் திட்டமாட்டேன், திட்டுனா உண்ட வீட்டுக்கு ரெண்டகம். ஆனா இத்தனை வருசமும் அந்தத் தூளு அவ நெஞ்சுக்குள்ளயும்தான் போயிருக்கு. ராத்திரி இருமுதது யாருன்னு கேட்டா, ஒரு பீடியைக்கூட வாயில வைக்காத ஒங்க அத்தை.

இலைதான, சிகரெட்டை விட லேசுன்னு நெனச்சுக்கிட்டிருந்த கோட்டிக்காரன் நான். அந்த இலையில காத்துப் போகாது. செத்த நேரம் கவனிக்கலைன்னா அணைஞ்சுபோயிரும், அதுக்காக நெஞ்சு ஒட்ட இழுத்துக்கிட்டே இருக்கணும். தூளு கொஞ்சந்தான் இருக்கும், உள்ள போற விஷம் சிகரெட்டுக்கு மேலன்னு பேத்தி சொல்லித்தான் தெரியும். எனக்குக் காசுச் செலவும் கெடையாது. அத்தை அங்கிட்டுத் திரும்புனா சொளகுல இருந்து நாலை உருவிருவேன். சாயங்காலம் கம்பெனிக்குக் கொண்டுபோக எண்ணும்போது ஆயிரம் தேறாது. "எலி தின்னுட்டு போல"ம்பா, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே.

எத்தனை தடவை விட்டேன்னு எனக்கே எண்ணம் கெடையாது, ஒம்பதுக்கு மேல. ஒரு தடவை ஏழு மாசம் தாக்குப்புடிச்சேன். ஏழு மாசம்! அப்பம் எங்க சித்தப்பா தவறிட்டாரு. துட்டி வீட்டுப் பந்தல்ல ஒரு தட்டு வச்சிருப்பாங்கள்ல, வெத்தலை பாக்கு, ரெண்டு கட்டு பீடி, தீப்பெட்டி. நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்திருந்தேன். ஒருத்தர் தட்டை என் பக்கம் தள்ளுனாரு. "எடும் வே, மனசு ஆறட்டும்"னாரு. துட்டி வீட்டுல வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்குமா? எடுத்தேன். எங்க சித்தப்பாவை எரிச்சது அன்னைக்கிச் சாயங்காலம், என் ஏழு மாசத்தை எரிச்சதும் அதே சாயங்காலந்தான்.

அன்னைக்கி ராத்திரி ஒறக்கம் வராம யோசிச்சேன். ஒவ்வொரு தடவையும் எங்க விழுந்தேன்? கல்யாண வீட்டுல சம்பந்தி நீட்டுனது. கோயில் கொடையில வில்லுப்பாட்டுக்காரர் நீட்டுனது. டீக்கடை பெஞ்சுல யாரோ பாதி இழுத்துட்டுக் குடுத்தது. எல்லாமே ஓசி, மருமவனே! விட்டவன் ஒருத்தன்கூட கடைக்குப் போயி, காசை எடுத்து வச்சு, "ஒரு கட்டு குடுப்பா"ன்னு கேட்டு மறுபடி தொடங்குனது நான் பாத்தவரைக்கும் கெடையாது. காசு குடுத்து வாங்க ரோசம் விடாது. ஓசின்னா கணக்குல சேராதுன்னு நமக்கு ஒரு நெனப்பு. ஒன்னோட ஒம்பதையும் எண்ணிப்பாரு. மொத ஒண்ணு எவன் பையில இருந்து வந்துச்சு?

கீழ குனியுத. சரி, வுடு.

ஒன் வைத்தியமெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு தடவை கரண்டு பீடி ஒண்ணு வாங்கிட்டு வந்து, பேனா மாதிரி பையில குத்திக்கிட்டுத் திரிஞ்ச. 2019-லயே சர்க்கார் தடை போட்ட சாமான் அது. கள்ளனுக்கு பயந்து கொள்ளைக்காரன் வீட்டுல போய்ப் படுத்த கதை. அப்பறம் மருந்துக்கடையில நிக்கோட்டின் கம்மு வாங்குன. அது நல்ல சாமான்தான், தப்புச் சொல்லமாட்டேன். ஆனா நீ தின்ன லெச்சணம்? மாடு வைக்கோலைச் சவைக்க மாதிரி சவைச்சு, எச்சியையும் முழுங்கி, விக்கல் எடுத்து, "எனக்கு ஒத்துக்கல மாமா"ன்ன. லேய், அதை நாலு கடி கடிச்சு, நாக்குல சுள்ளுன்னதும் வெத்தலையை ஒதுக்குத மாதிரி கன்னத்துல ஒதுக்கிரணும். சுள்ளு அடங்குனா மறுபடி நாலு கடி. காப்பி குடிச்ச வாயோட போட்டா சரியா ஏறாது, கால் மணி நேரம் பொறுக்கணும். இவ்வளவுதான். வெத்தலை போடத் தெரிஞ்ச எங்க காலத்து ஆளுக யாரையாவது கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.

பெறவு "படிப்படியாக் கொறைக்கேன்"ன்ன. பத்து, எட்டு, ஆறு. ஆறுக்கு வந்ததும் ஆபீஸ்ல டென்ஷன்னு பன்னெண்டு. ஆக்ஸ்போர்டுல இதையே ஆராஞ்சிருக்காங்களாம். 697 பேரை ரெண்டாப் பிரிச்சு, பாதிப்பேரை ஒரே நாள்ல விடச் சொல்லி, பாதிப்பேரை ரெண்டு வாரமாக் கொறைச்சு விடச் சொன்னாங்களாம். நாலு வாரம் கழிச்சுப் பாத்தா, ஒரே வெட்டா வெட்டுனவங்கள்ல நூத்துக்கு 49 பேர் தாக்குப்புடிச்சிருக்காங்க. கொறைச்சவங்கள்ல 39. 2016-ல வந்த கணக்கு, பேத்தி வாசிச்சுக் காட்டுனா. பாக்கிப்பேரு எங்கன்னு கேட்டேன். "ஒங்க மருமவன் மாதிரி மொட்டைமாடியில இருப்பாங்க தாத்தா"ங்கா.

காலையில ஒண்ணு இழுக்கலைன்னா வெளிக்கிப் போக மாட்டேங்குன்னு ஒரு சாக்கு வச்சிருக்க பாரு, அதை மட்டும் நான் கேலி பண்ணமாட்டேன். நெசந்தான். விட்ட மொத ரெண்டு வாரம் வயிறு மல்லுக்கு நிக்கும். ரெண்டு கொய்யாப்பழம் தின்னு, ஒரு செம்பு வெந்நி குடி. அதுக்குப் போயி நுரையீரலை அடமானம் வைக்காத.

நான் எப்பிடி விட்டேன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அறுவது வயசு. சபதம் கெடையாது, சாமி கெடையாது, அத்தைக்கே மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும், ஆயிரம் சரியா வந்த அன்னைக்கி. எனக்கு நானே ஒரே ஒரு சட்டம் வச்சுக்கிட்டேன். குடிக்கணும்னா குடிக்கலாம், யாரும் தடுக்கல. ஆனா ஓசி கூடாது, சொளகுல எடுக்கக் கூடாது. மெயின் ரோட்டுக் கடைக்கு நடந்துபோயி, சொந்தக் காசுல முழுக்கட்டு வாங்கித்தான் குடிக்கணும். ஆசை வந்தா சட்டையை மாட்டிக்கிட்டு நடப்பேன். ஓடைப்பாலம் வாரதுக்குள்ள அது அவிஞ்சிரும். அஞ்சு நிமிசம் தாங்காது அந்த ஆசை. சவம், பல்லு இல்லாத நாய் மாதிரி, கொரைச்சிட்டுப் போயிரும். பாலத்துல உக்காந்து ரெண்டு கொக்கைப் பாத்துட்டுத் திரும்பி வந்திருவேன். ஒரு நாளைக்கி ஏழெட்டு நடை போனது உண்டு. "சுகர் வந்துட்டா வே? இப்பிடி நடக்கீரு"ன்னு ஊரே கேட்டுச்சு.

நீ விழுந்தது ஒம்பது தடவைதான். கனடாவுல ஒரு கூட்டம் கணக்குப் பாத்ததுல, ஒருத்தன் முழுசா விட முப்பது தடவைக்கு மேலகூட ஆகுமாம். இன்னும் இருவத்தொண்ணு பாக்கி இருக்குன்னு சந்தோசப்பட்டுராத. இங்கிலாந்துல டாக்டர்மாரையே 1951-ல இருந்து அம்பது வருசம் தொடர்ந்து கவனிச்சு ஒரு கணக்கு எழுதியிருக்காங்க. அறுவதுல விட்டா மூணு வருச ஆயுசு கூட, நாப்பதுல விட்டா ஒம்பது வருசம். எனக்கு மூணுதான். அதை இந்தத் திண்ணையில உக்காந்து ஒன்னையக் கேலி பண்ணியே செலவழிச்சுக்கிட்டிருக்கேன். ஒனக்கு இப்பம் முப்பத்தி நாலு. கணக்கு ஒனக்கே தெரியும், பி.காம். படிச்சவன்.

சரி, சட்டைப் பையில இருக்கதை எடு. முழிக்காத, எடு. அழுகுன படம் போட்டிருக்கே, அதைத் திருப்பாத, அந்தப் படத்தோட ஓரத்துல பாரு. இத்தனை வருசமா பாக்கெட்டைப் பிச்சியே, அதை ஒரு தடவையாவது வாசிச்சியா? 1800-11-2356. விட நெனைக்கவனுக்கு சர்க்கார் வச்சிருக்க நம்பர். அங்க ஒரு ஆளு எடுத்து, நீ ஒம்பது தடவை விழுந்த கதையையும் பொறுமையாக் கேப்பாரு, என்னைய மாதிரி சிரிக்கமாட்டாரு. போனை எடு மருமவனே, இப்பமே போடு. காசு கெடையாது, ஓசிதான். ஓசின்னா ஒனக்குத்தான் வேண்டாம்னு சொல்லத் தெரியாதே.