ஆறாவது குழாயில் நின்றுவிடும் நாய்: சிங்காநல்லூர்ச் சான்றுகளின் வழி ஓர் ஊதியக் கோட்பாடு

சிங்காநல்லூர் நாய்களுக்குத் தாண்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டைத் தாண்டும். சாக்கடையைத் தாண்டும். குழாய் பதிக்கத் தோண்டி, பதித்த பிறகு மூட மறந்த பள்ளத்தைத் தாண்டும். நிறுத்தி வைத்த டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கால் வைக்கும் இடத்தின் வழியே புகுந்து மறுபக்கம் வந்து, வேகம் குறையாமல் பேக்கரி வாசலில் போய் நிற்கும். இதற்கெல்லாம் யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. அதே நாயின் முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு பிவிசி குழாயைக் குறுக்கே வைத்து, "தாண்டு கண்ணு, தாண்டு சாமி" என்று கெஞ்சிப் பாருங்கள். குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து, நம் சட்டைப் பையை மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

திறமை இருக்கிறது, வேலை நடக்கவில்லை. இந்த முரண்பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாய்களுக்குத் தடை தாண்டப் பழக்கும் இத்துறையில் இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் உளவியலாளர்கள். அவர்கள் இதற்கு ஊக்கக் குறைவு என்று பெயர் வைத்து, நாயின் மனசுக்குள் காரணம் தேடுகிறார்கள். மில் ஊரில் வளர்ந்தவர் யாரும் அங்கே போய்த் தேடமாட்டார். ஆளும் இருக்கிறான், மெஷினும் இருக்கிறது, உற்பத்தி மட்டும் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சம்பளப் பட்டியலை. நாய்க்கு வேண்டியது ஊக்கம் அல்ல, ஊதிய ஒப்பந்தம் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுப் பொருளை அறிமுகம் செய்வது மரபு. பெயர் ஜிம்மி. நாட்டு நாய். தாய்வழி வரதராஜபுரம் என்பதில் ஐயமில்லை. தந்தைவழி குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. எதிர்வீட்டு ஆத்தா காலின் நீளத்தைக் காட்டி, சிப்பிப்பாறைக் கலப்பு என்கிறார். என் மனைவி காதைக் காட்டி அதை மறுக்கிறாள். 2005-ல் அஞ்சல்துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நம் பக்கத்து ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது. ஜிம்மியின் வகையறாவை யாரும் கூப்பிடவில்லை. உலக அரங்கில் தடைதாண்டும் போட்டிகளில் கோப்பைகளை அள்ளுவது பார்டர் கோலி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பக்கத்து ஆட்டுநாய். மனிதன் விரலசைத்தால் ஓடுவதையே கூலியாக நினைக்கும்படி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட இனம். தொழிற்சங்க நோக்கில் சொன்னால் கருங்காலி. அதை வைத்து எழுதிய பயிற்சி நூல்கள் நம் ஊர் நாய்க்குப் பொருந்தாததில் வியப்பில்லை.

துறையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1978-ல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி நடந்தபோது, பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவில் கூட்டத்தை உட்கார வைக்க ஏதாவது வேண்டியிருந்தது. குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கும் ஒன்றை அமைத்தார்கள். இடைவேளையை நிரப்ப வந்தது நிலைத்துவிட்டது. 1980-ல் அங்குள்ள கென்னல் கிளப் அதை அங்கீகரித்தது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1891-ல் அந்தக் கண்காட்சியைத் தன் பெயரில் தொடங்கிய சார்லஸ் கிரஃப்ட், ஸ்ப்ராட் என்ற நாய் பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்தவர். துறையின் அஸ்திவாரத்திலேயே பிஸ்கட் கிடக்கிறது. இதற்குப் பிறகும் ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று மாநாடு போட்டுப் பேசுகிறவர்களை என்ன சொல்வது?

தமிழ்ச் சான்றுகள் இதைவிடப் பழையவை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்தது என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. செய்த வேலை பதிவாகியிருக்கிறது, கடித்த எண்ணிக்கை உட்பட. கொடுத்த கூலி பதிவாகவில்லை. நிர்வாகங்கள் எக்காலத்திலும் அப்படித்தான்.

நமக்கு நெருக்கமான முன்னோடி, இதே திருச்சி சாலையில் கொஞ்சம் மேற்கே ராமநாதபுரத்துக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ ஓடிய காலத்தில் சண்டைக் காட்சிகளில் கட்டுடம்பைக் காட்டியவர், 1956-ல் சொந்தமாகத் 'தாய்க்குப்பின் தாரம்' எடுத்தார். அதில் காளை. 1971-ன் 'ஹாத்தி மேரே சாத்தி'யில் யானைகள். 1977-ன் 'ஆட்டுக்கார அலமேலு'வில் ஆடு கதாநாயகிக்குச் சமமாக நின்றது. தேவர் நடிகர்களுக்குப் பேசிய சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவார் என்று சினிமாக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். மனித நடிகர்களிடம் அது செல்லுபடியாகலாம். நாயிடம் முன்பணம் கொடுத்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. வாங்கியதை விழுங்கிவிட்டு, யார் நீ என்பது போலப் பார்க்கும்.

கூலியை எப்போது கொடுப்பது என்ற கேள்விக்கு இங்கிருந்துதான் போக வேண்டும்.

பாவ்லவின் நாயை எல்லோரும் அறிவார்கள். 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தது செரிமான ஆராய்ச்சிக்காக. ஓசை கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறுவது அந்த ஆராய்ச்சியின் ஓரத்தில் முளைத்தது. சிங்காநல்லூர்க்காரருக்கு இது புதிதல்ல. பகல் ஷிஃப்ட், அரை நைட், முழு நைட் என்று மில் சங்கு ஊதிய காலத்தில், தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கால்கள் தாமாகவே கிளம்பும். ஆனால் சங்கு ஆளை மில் கேட் வரைக்கும்தான் கொண்டுவரும். உள்ளே போன பிறகு கதிரை ஓட வைப்பது சங்கு அல்ல, சம்பளம். பாவ்லவ் கேட்டோடு நின்றுவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தவர் ஸ்கின்னர். ஒரு செயலுக்குப் பலன் கிடைத்தால் அந்தச் செயல் திரும்பவும் நடக்கும் என்பதை எலியையும் புறாவையும் வைத்து நிறுவினார். பட்டுவாடா நாளன்று மில் வாசலில் கடன்காரர்களோடு அரைமணி நேரம் நின்றிருந்தால் எலியே தேவைப்பட்டிருக்காது.

நடைமுறைக்கு வருவோம். நாய் குழாயைத் தாண்டிய நொடிக்கும் கூலிக்கும் நடுவில் ஒரு விநாடிக்கு மேல் போகக்கூடாது. போனால் நாய் வேறு கணக்குப் போட்டுவிடும். தாண்டியதும் நாம் சட்டைப் பையைத் துழாவுகிறோம். அதற்குள் அது காது சொறிகிறது. அப்போது பொறை கிடைக்கிறது. அடுத்த முறை குழாய்க்கு முன்னாலேயே நின்று சிரத்தையாகக் காது சொறியும். இந்தத் தாமதத்தை அடைக்கத்தான் கிளிக்கர் என்ற சிறு கருவி. தாண்டும்போதே 'டிக்' என்று ஒலித்தால், அந்த வேலைக்குக் கூலி உறுதி, பட்டுவாடா பின்னால் வருகிறது என்று அர்த்தம். கடையில் வாங்க வேண்டியதில்லை. பட்டனை அழுத்தினால் முனை வெளியே வரும் பேனா போதும். ஒன்று மட்டும்: டிக் சொல்லிவிட்டுக் கூலி கொடுக்காமல் விட்டால், அடுத்த டிக்கை எந்த நாயும் மதிக்காது.

எதைக் கொடுப்பது என்பது தனி இயலுக்குரியது. வீட்டு வாசலில் உட்காரச் சொன்னால் பொறை போதும். தெருவில் கோழிவண்டி போகும்போது சுரங்கக் குழாய்க்குள் நுழையச் சொன்னால் பொறையை ஏறெடுத்தும் பார்க்காது. அவித்த கோழி ஈரல் வேண்டும், பட்டாணி அளவு. அளவு பெரிதானால் மென்று முடிப்பதற்குள் நமக்கே பயிற்சி மறந்துவிடும். எங்கே கொடுப்பது என்பதும் முக்கியம். பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தால் நாய் பையைப் பார்த்தே ஓடும். குழாய்க்கு அந்தப் பக்கம் தரையில் விழும்படி போட்டால் குழாயைத் தாண்டி முன்னால் ஓடும். வேலை நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் கொடுக்காமல், எப்போது வரும் என்று தெரியாதபடி கொடுத்தால் இன்னும் மும்முரமாக உழைக்கும் என்பதும் ஸ்கின்னர் கண்டது. லாட்டரிச் சீட்டு விற்ற காலத்தை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கூலிக் கோட்பாட்டுக்கு எதிரான சான்றுகளை மறைப்பது ஆய்வு நெறியாகாது. ஸ்கின்னரின் மாணவர்களான பிரேலண்ட் தம்பதியர் விளம்பரங்களுக்காக விலங்குகளைப் பழக்கித் தொழில் நடத்தியவர்கள். ரக்கூன் என்ற அமெரிக்க விலங்கை நாணயம் எடுத்து உண்டியலில் போடப் பழக்கினார்கள். ஒரு காசு வரை ஒழுங்காகப் போட்டது. இரண்டு காசு கொடுத்ததும், உண்டியலில் விடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. பன்றியோ காசை வழியிலேயே போட்டு மூக்கால் கிளறியது. 1961-ல் அவர்கள் இதை வெளியிட்டபோது உளவியல் உலகம் திகைத்தது. இரண்டு காசு கையில் சேர்ந்தால் உண்டியலில் போட மனசு வராது என்பது திகைக்க வேண்டிய செய்தியா என்பதை வாசகர்களுக்கே விடுகிறேன்.

அதைவிடக் கடுமையான மறுப்பு கொல்கத்தா பக்கத்திலிருந்து வந்தது. அங்குள்ள ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை வைத்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு, முன்பின் தெரியாத மனிதரிடம் நம்பிக்கை வளர்வதற்குச் சோற்றைவிடத் தலையைத் தடவிக்கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது என்றது. சம்பளத்தைவிட மேஸ்திரியின் ஒரு நல்ல வார்த்தை பெரிது என்று முதலாளிகள் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வாதம் இது. ஜிம்மியிடம் சோதித்தேன். ஒரு கையால் தடவினேன். மறு கையில் ஈரல் இருந்தது. தடவலை முழுமையாகப் பெற்றுக்கொண்டது. ஈரலையும் விட்டுக்கொடுக்கவில்லை. பஞ்சப்படி தனி, அடிப்படைச் சம்பளம் தனி என்பது அதன் நிலைப்பாடு.

சோறும் தடவலும் தவிர மூன்றாவது நாணயமும் உண்டு. பிரிமாக் என்ற உளவியலாளர், நாய் தானாக விரும்பிச் செய்வதையே நாம் விரும்புவதற்குக் கூலியாக வைக்கலாம் என்றார். ஜிம்மிக்குச் சிங்காநல்லூர் குளக்கரையில் போய் நீர்ப்பறவைகளைப் பார்த்துக் குரைப்பது உயிர். ஆகவே பலகை ஏறி இறங்கினால் குளக்கரை. சீசா பலகை மட்டும் சிக்கல். ஏறும்போது மறுமுனை 'டமார்' என்று தரையில் விழும் ஓசைக்கு எந்த நாயும் மிரளும். முதலில் பலகையைத் தரையிலேயே போட்டு, பிறகு ஒரு செங்கல் உயரம், பிறகு இரண்டு. எங்கள் பலகை ஆடாமலிருக்க, புவிசார் குறியீடு பெற்ற கோயமுத்தூர் வெட் கிரைண்டரின் பழைய கல் முட்டுக்கொடுத்தது. அனைத்துலகப் போட்டிப் பலகைகளுக்கு இந்தக் கௌரவம் கிடையாது.

தலைப்புக்குக் காரணமான குழாய்களுக்கு வருகிறேன். இவை குறுக்கே வைப்பவை அல்ல, செங்குத்தாக நட்டு வைப்பவை. போட்டி விதிப்படி பன்னிரண்டு குழாய்கள், இரண்டுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர். முதல் குழாய் நாயின் இடது தோள் பக்கம் இருக்குமாறு நுழைந்து, ஒன்றுவிட்டு ஒன்று வளைந்து வளைந்து போக வேண்டும். தெருவில் எந்த நாயும் காரணமில்லாமல் இப்படிப் போகாது. அதனால்தான் இத்துறையிலேயே கடினமான பாடம் இது. நாய் நம் வாயைவிட உடம்பைத்தான் பார்க்கிறது. நம் தோளும் கால்விரலும் திரும்பும் பக்கம் திரும்பும். ஆகவே நானும் பக்கத்தில் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஆத்தா கொஞ்ச நேரம் திண்ணையிலிருந்து பார்த்தார். "ஏஞ்சாமி, நாய்க்கு ஒடம்பு கிடம்பு சரியில்லைன்னு வேண்டுதலா?" என்றார். இல்லைங்க ஆத்தா, பயிற்சி என்றேன். "அது நிக்குது, நீதான ஓடற?" என்றார்.

உண்மைதான். ஜிம்மி ஆறாவது குழாயில் நின்றிருந்தது. அன்று மட்டுமல்ல, எப்போதும் ஆறில்தான் நிற்கிறது. காரணத்தைத் தேடினால் தொடக்க நாட்களில் என்னிடம் ஆறு குழாய்தான் இருந்தது. ஆறு முடிந்ததும் ஈரல் என்று பேசியிருந்தோம். பிறகு நான் ஆறை வாங்கிச் சேர்த்தேன், கூலியை உயர்த்தவில்லை. வேலைப்பளுவை இரட்டிப்பாக்கிவிட்டுப் பழைய கூலியே கொடுத்தால் எந்த மில்லில்தான் ஓடியிருக்கிறது? கடைசிக் குழாயிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சேர்த்துவர வேண்டும் என்பது பயிற்சியாளர்களின் தீர்வு. அப்படிச் செய்தால் நாய் எப்போதும் பழகிய பகுதியை நோக்கியே ஓடும். ஜிம்மி இந்தத் திட்டத்தைப் பரிசீலனைக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பணி நிபந்தனைகளையும் சொல்லிவிட வேண்டும். எலும்பு முற்றாத குட்டியைத் தாண்ட வைக்கக்கூடாது. ஒரு வயது தாண்டும் வரை குழாயைத் தரையில் போட்டு நடக்க வைத்தால் போதும். பெரிய இனங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நம் புறங்கையை வைத்துப் பார்த்து, வைக்க முடியவில்லை என்றால் பயிற்சிக்கு விடுமுறை. வேலை நேரம் ஐந்து நிமிடம், அதுவும் நாய்க்கு இன்னும் வேண்டும் என்றிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். கொடுத்த ஈரலை ராத்திரிச் சோற்றில் கழித்துக்கொள்ள வேண்டும். இதை மட்டும் நாய்க்குத் தெரியாமல் செய்வது நல்லது.

போனஸ் நிலுவையில் இருக்கிறது. 1965-ஆம் வருஷத்துப் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 என்றது. ஈரலில் இதை எப்படி அறுப்பது என்று சட்டம் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன் பேசி முடிப்பதுதான் கோவை வழக்கம். ஆனால் முதல் சரவெடி வெடித்த கணத்திலிருந்து ஜிம்மி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. சோறும் தண்ணீரும் அங்கேயே போகின்றன. அந்த வாரம் சம்பளத்துடன் கூடிய விடுப்பா, சம்பளமில்லாத விடுப்பா என்று மனைவியிடம் கேட்டேன். "ஏனுங்க, மொதல்ல அதுக்குப் பக்கத்துல போய்ப் படுத்துக்குங்க" என்றாள்.