காசு கொடுத்துப் பொட்டல் பார்த்தவர்

சான் டியாகோவில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கு எழுதிய கடிதம் தெரு முழுக்கச் சுற்றிவிட்டது. விடுமுறைக்குக் கப்பலேறி அவர் போனது மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவுக்கு. பார்த்தது மொட்டை மலை, கல், கள்ளி. “இதுக்கா இம்புட்டுச் செலவு? முதுகுளத்தூருக்கு பஸ் ஏறியிருந்தா போதுமே!” என்றாராம் சித்தப்பா.

நம்ம வேலிக் கள்ளி இல்லையாம் அது. கார்டோன் என்ற அந்தக் கள்ளி 15 மீட்டருக்கு மேலும் வளரும்.

லா பாஸ் துறைமுகத்தில் ஏறியது சின்னக் கப்பல். தீவுகளில் படகுத்துறை ஏது? ரப்பர் படகில் போய் முழங்கால் தண்ணீரில் குதிக்க வேண்டும். பேன்ட்டை மடித்துவிட்டுக் குதித்தவர் இடுப்புவரை நனைந்தார்.

குதிக்கும் முன் செருப்பின் அடியை பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். ஒரு தீவின் விதை இன்னொரு தீவுக்குப் போய்விடக் கூடாதாம். மற்றவர்கள் சிரித்தார்கள், ராமநாதபுரத்துக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மெக்சிகோ பக்கத்துச் சீமைக்கருவேலம் நம் கண்மாய்களைப் படுத்தும் பாடு அவருக்குத் தெரியாதா? அதுவாவது செருப்பில் ஒட்டி வந்ததா என்றால் இல்லை, விறகுக்கு ஆகுமென்று நாமே விதைத்தது.

சாந்தா கத்தாலினா தீவில் ஒரு பாம்பு. கிலுகிலுப்பைப் பாம்பு இனம்தான், ஆனால் வாலில் கிலுகிலுப்பை கிடையாது. தோலுரிக்கும்போதெல்லாம் கிலுகிலுப்பையாகச் சேர வேண்டிய வளையமும் கழன்று விழுந்துவிடுகிறது. “சத்தம் போட்டு எச்சரிக்கும் என்பதுதான் அதனிடம் இருந்த ஒரே நல்ல குணம், சித்தப்பா. அதுவும் போச்சு” என்று எழுதியிருக்கிறார். அன்று முழுக்க அவர் தரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

கரையில்தான் இந்த வறட்சி, கடலில் இல்லை. குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து சத்து நிறைந்த குளிர்நீர் மேலே வருகிறது. அதில் நுண்ணுயிர் பெருகி, மீன் பெருகி, திமிங்கிலம் வரை வந்து சேர்கிறது. 1940-ல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கும் உயிரியலாளர் எட் ரிக்கெட்ஸும் மீன்பிடிப் படகு ஒன்றை அமர்த்திக்கொண்டு உயிரினம் சேகரித்த கடல் இது. 2005-ல் யுனெஸ்கோ இதன் தீவுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

லாஸ் இஸ்லோட்டெஸ் பாறையருகே நீந்தினால் கடற்சிங்கக் குட்டிகள் வந்து காலில் மாட்டிய துடுப்பைக் கடித்து இழுக்கும். இனப்பெருக்க காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே நீந்தத் தடை. நம்மவர் இறங்கியது மார்ச்சில். நாய்க்குட்டி மாதிரி ஒன்று துடுப்பைக் கவ்விக்கொண்டு விடவே மாட்டேன் என்றதாம்.

கடிதத்தில் இரண்டு பக்கம் நீலக்கால் பறவைக்கு. ஆண் பறவை பெண்ணின் முன்னால் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கிக் காட்டும். அந்த நீலத்துக்குத் தின்னும் மீனின் சத்து வேண்டும். இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே வெளுத்துவிடும். பெண்ணும் காலைப் பார்த்துத்தான் மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறது. இதையெல்லாம் எழுதிவிட்டு, தம்பிக்குப் பெண் பார்க்கும் படலம் எந்த அளவில் இருக்கிறது, சம்பளச் சீட்டைத் தவிர வேறு ஏதாவது கேட்கிறார்களா என்று விசாரித்திருக்கிறார்.