இந்தப் பக்கம் மீசை, அந்தப் பக்கம் பால்பல்லு

வாங்க டெக்சாஸ் துரை! 15 வயசுதானே? மீன்பிடி லைசென்ஸ் எங்கேன்னு கேட்டா எதுக்குப் பேராண்டி இந்த முழி முழிக்கிறே? ஓ, உங்க ஊர்ல 17 ஆகுறவரைக்கும் வேண்டாமா! ரொம்ப நல்ல ஊரு. ஆனா எங்க ஷோஷோனி ஆத்து மீனுக்கு டெக்சாஸ் சட்டம் தெரியாது. வார்டனுக்கோ தெரிஞ்சுக்கிற ஆசையே கிடையாது.

வயோமிங்ல வெளிமாநிலத்துப் பிள்ளைக்கு 14 ஆகுறவரைக்கும்தான் சலுகை. அதுவும் லைசென்ஸ் வச்சிருக்கிற பெரியவர் கூட இருக்கணும்; பிள்ளை பிடிக்கிறதெல்லாம் அவர் கணக்குல விழும். நீ ரெண்டு வருஷம் முந்தி வந்திருந்தா உங்க மாமா பங்கு மொத்தத்தையும் நீயே பிடிச்சுத் தீர்த்திருக்கலாம், அவர் கரையில உக்காந்து கொட்டாவி விட்டிருப்பாரு. போச்சு, விடு. 13னு சொல்லித் தப்பிக்கலாம்னு பார்க்கிறியா? சொல்லிப் பாரேன். கண்ணாடி பார்த்துப் பார்த்துத் தடவுறியே உதட்டுக்கு மேல பூனைமுடி, அதுவே சாட்சி சொல்லிடும். 14லேர்ந்து 17 வரைக்கும் தனியா வருஷ லைசென்ஸ் உண்டு, பெரியவங்க கட்டுறதைவிட ரொம்ப மலிவு. வாங்கிப் பையில போடு.

இனிமேத்தான் கூத்து. இதே ரோட்டுல மேற்கே போனா யெல்லோஸ்டோன் பூங்காவோட கிழக்கு வாசல். தாண்டினதும் நீ மறுபடி குழந்தை! 16க்குக் கீழ அங்க காசு கிடையாது. பூங்கா பர்மிட் வச்சிருக்கிற மாமா பக்கத்துலயே நின்னா சும்மாவே பிடிக்கலாம். அவர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்க முடியாதுன்னா, பெரியவர் கையெழுத்தோட உனக்குன்னு இலவச பர்மிட். ஆனா மாமாவோட வயோமிங் லைசென்ஸ் உள்ளே செல்லாது, இன்னொரு தடவை பர்ஸைத் திறக்கணும். இதை முன்கூட்டிச் சொல்லித் தொலைக்காதே. அந்த நேரத்துல அவர் மூஞ்சி போற போக்கு மீனைவிட ருசி.

பூங்காக்குள்ள பிடிக்கிற மீனுக்குத் தாடைக்குக் கீழ செவப்புக் கீறல் இருந்தா அது கட்த்ரோட், இந்தத் தண்ணியோட பூர்வகுடி. கையை நனைச்சுக்கிட்டு, பதமா விட்டுடணும். யெல்லோஸ்டோன் ஏரியில கறுத்த உடம்பும் வெளிர் புள்ளியும் கவட்டை வாலுமா ஒண்ணு வந்தா, அது லேக் ட்ரவுட். ஏரியில அது இருக்கிறது தெரிஞ்சதே 1994ல; அதுக்குள்ள கட்த்ரோட்டைத் தின்னு கொழுத்திருந்துச்சு. கட்த்ரோட் முட்டையிட ஓடைக்கு ஏறும், கரடிக்கும் ஒரு வாய் கிடைக்கும். லேக் ட்ரவுட் ஆழத்துலயே கிடக்கும், கரடி கைக்கு எட்டாது. அதனால இதைத் திருப்பி விட்டாத்தான் குத்தம், கொன்னே ஆகணும். உங்கம்மா திட்டாத ஒரே கொலை!

தூண்டில் முள்ளுல இருக்கிற எதிர்க்கொடுக்கை இடுக்கியால நசுக்கிடு. ஈயக்குண்டு ஆகாது. அப்புறம் அந்த மண்புழு டப்பா... பூங்காக்குள்ள புழுவெல்லாம் மாட்டக்கூடாது ராசா. இப்படிக் கொடு. நான் வாசலுக்கு வெளியதான் உக்காரப் போறேன்.